கையைக் கட்டியவள்

எனெலேயின் விரல்களிலிருந்து நான்காவது குச்சியும் நழுவி மேசைக்குக் கீழே விழுந்தது. நான் கடிகாரத்தை நிறுத்தவில்லை. ஒன்பது சிறு குச்சிகள், ஒன்பது துளைகள் போட்ட ஒரு பலகை. பக்கவாதம் வந்த கையால் ஒவ்வொன்றாக எடுத்துச் செருகவேண்டும், பிறகு பிடுங்கிப் போடவேண்டும், எத்தனை விநாடி ஆகிறது என்று நான் குறித்துக்கொள்வேன். கேட்டால் பாலர் பள்ளி விளையாட்டு. முப்பது வருடம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஐம்பத்துநான்கு வயது மனிதர் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் விளையாட்டாகத் தெரியாது. அவருடைய நல்ல கையை ஒரு தடித்த கையுறைக்குள் போட்டு மணிக்கட்டில் பட்டை ஒட்டியிருந்தேன். அதுதான் என் ஆராய்ச்சி. நல்ல கையைக் கட்டிவிடு, கெட்ட கைக்கு வேறு வழியில்லாமல் போகட்டும். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். எனெலேக்கு அது நான்காவது நாள். பக்கவாதம் வந்ததிலிருந்து எண்ணினால் நாற்பத்தொன்பதாவது.

விழுந்த குச்சியை அவர் மனைவி நியூசிலா குனிந்து எடுத்தார். பாவாடையில் துடைத்தார். கணவரின் விரல்களைப் பிரித்து, குச்சியை உள்ளே வைத்து, விரல்களை மூடியும் விட்டார்.

"ஆன்ட்டி, அவரே எடுக்கட்டும்."

"குனிஞ்சா அவருக்குத் தலை சுத்தும்மா."

"சுத்தட்டும்."

என் வாய் இப்படித்தான். நியூசிலா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை நான் அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற, படித்த, நம் சமோவாப் பிள்ளை. இப்போது முகத்தை உற்றுப் பார்த்து ஜாடை தேடினார்.

"நீ யாரு பொண்ணு?"

"மாங்கெரேல இருக்கோம், ஆன்ட்டி."

"அது நீங்க தூங்குற இடம். நான் கேட்டது யாரு பொண்ணுன்னு."

அப்பாவின் ஊரைச் சொன்னேன். ஊரில் அவருக்கு இருந்த குடும்பத் தலைவர் பட்டத்தைச் சொன்னேன். பெயர் லஃபயேலே, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் என்றேன். நியூசிலாவின் முகத்தில் முதலில் ஒரு மலர்ச்சி வந்தது, தெரிந்த குடும்பம் என்று. அப்புறம் அது நின்றுபோனது.

"ஓ. அந்தப் பொண்ணா நீ. பாஸ்டர் முன்னாடி அப்பன் கையைக் கட்டுனவ."

மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு மூன்று வருடம் ஒன்றுமேயில்லை.

நியூசிலா அவசரப்படவில்லை. கணவரின் மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்தார், கையுறையை விரல் விரலாக உருவினார், மடித்து என் பலகைமேல் வைத்தார். "எழுந்திரிங்க, போலாம்" என்றார். எனெலே பலகையைப் பார்த்தபடி, "இன்னும் அஞ்சு குச்சி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மனைவியோடு எழுந்துகொண்டார். நான் வாசல்வரை பின்னாலேயே போனேன். கெஞ்சினேன் என்று சொன்னால் பொய். வாதாடினேன். இன்னும் நாற்பது நாள்தான் ஆன்ட்டி, அதற்குமேல் மூளை இவ்வளவு சுலபமாகக் கேட்காது, இப்போது விட்டால் விட்டதுதான் என்றேன். அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, "உங்கப்பா வந்து சொல்லட்டும்" என்றார். "எங்க வீட்டுக்கு வந்து, கட்டலாம்னு உங்கப்பா அவர் வாயால சொல்லட்டும். அப்போ வர்றோம்."

இப்போது நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாகவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் என்னிடம் முதியோர் இல்ல வேலைக்குப் போகச் சொன்னார்கள், நல்ல வலுவான தோள் என்றார்கள். போகவில்லை. தீவுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் உள்ளே போனேன், அதை மூன்று வருடமும் யாராவது ஒருவர் சிரித்த முகத்தோடு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். மருத்துவம் கிடைக்கவில்லை. மூளை கிடைத்தது. முனைவர் பட்டத்துக்கு நாலரை வருடம் எலிகளோடு இருந்தேன். எலியின் மூளையில் கை இருக்கும் இடத்தில் ஒரு சிறு காயம் உண்டாக்குவோம். எலி அந்தக் கையை மறந்துவிடும். அசையாது என்பதல்ல. கொஞ்சம் அசையும். ஆனால் ஒருமுறை நீட்டித் தோற்றபிறகு அது நல்ல கைக்கு மாறிக்கொள்கிறது, கெட்ட கை கெட்டதாகவே உறைந்துபோகிறது. நல்ல கையில் கட்டுப்போட்டால், முதல் நாள் பட்டினி கிடக்கும். இரண்டாம் நாள் கெட்ட கையை நீட்டும். மூன்றாம் வாரம் சர்க்கரை உருண்டையைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோகும். இதைப் பார்த்த அன்று நான் ஆய்வகத்தின் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் முதல் கட்டுரை வந்தபோது அப்பா அதை பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டினார். அதில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது என் பெயர் மட்டும். வேலையிடத்தில் எல்லோரிடமும், "என் பொண்ணு மூளை டாக்டர்" என்றார். அண்ணன் பெசமினோ, "எலி டாக்டர்ப்பா" என்று திருத்துவான்.

அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்தது பிப்ரவரியில், விமானம் நிற்கும் தளத்தில், அடுத்தவர்களின் பெட்டிகளுக்கு நடுவில். பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட உடற்பயிற்சித் தாள் நான்கு. படங்களில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தனியாக, ஒரு மேசைமுன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்முன் நான் அப்பாவின் கையைச் சோதித்தேன். மணிக்கட்டைப் பத்து டிகிரி தூக்கினார். கட்டைவிரலை விரித்தார். அதற்கு என்ன பொருள் என்று நாட்டிலேயே நன்றாகத் தெரிந்த ஏழெட்டுப் பேரில் நான் ஒருத்தி. இந்தக் கை திரும்பும். ஒழுங்காக வேலை வாங்கினால், மூன்று மாதத்துக்குள் வாங்கினால், திரும்பும். ஈரச் சிமெண்ட் மாதிரி மூளை அப்போது இளகிக் கிடக்கும். அப்புறம் இறுகும்.

வீட்டில் அவருக்கு யாரும் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை. அண்ணன் இரவு ஷிஃப்டை விட்டுவிட்டு அப்பாவைக் குளிப்பாட்டினான். லிதியா அண்ணி ஊட்டினாள். பேரப்பிள்ளைகள் செருப்பை மாட்டிவிட்டார்கள். பட்டம் உள்ள மனிதர், வீட்டின் தலை, அவருக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது. சமையலறையில் நான் அண்ணனிடம் சண்டைபோட்டேன்.

"நீங்க செய்யச் செய்ய அவர் கை செத்துக்கிட்டே போகுது அண்ணா. எலிக்குக் கையைக் கட்டினோம்னா தானா எடுத்துத் தின்னுது."

"உன் எலிக்குப் புள்ளைங்க இல்லை, சியா."

கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நாள் ஞாயிறு. ஜெபம் முடிந்து பாஸ்டரும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். அப்பாவின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், இருவரும் பட்டக்காரர்கள். பெரியவர்கள் முதலில் சாப்பிடுவார்கள், நாங்கள் பரிமாறி, நின்று, மிஞ்சியதை அப்புறம் சாப்பிடுவோம். அப்பா வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மேசைத் தலைமாட்டில். பக்கத்தில் அண்ணன் நின்று சேம்பங்கிழங்கை உடைத்துத் தேங்காய்ப்பால் கீரையில் தோய்த்து அவர் வாயில் வைத்தான். அப்பா குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் உண்மை. அவருடைய மூளைக்காக மட்டும் நான் முன்னால் போகவில்லை.

பையிலிருந்து கையுறையை எடுத்தேன். அப்பாவின் இடக்கையில் மாட்டினேன். பட்டையை ஒட்டினேன். வலக்கையில் கரண்டியைச் செருகி, "சாப்பிடுங்கப்பா" என்றேன்.

பாஸ்டர் தன் தட்டைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு கரண்டியை. எடுத்தார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும், அவர் மறுக்கவில்லை. முதல் கரண்டி கீரை சட்டையில் கொட்டியது. இரண்டாவது தாடையில். வியர்த்துவிட்டது அவருக்கு. மணிக்கட்டு எழும்பியது, நான் கண்ணால் கோணத்தை அளந்துகொண்டிருந்தேன், பத்து, பன்னிரண்டு, பதினைந்து. மூன்றாவது கரண்டி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

நான் கைதட்டினேன்.

தத்தித் தத்தி முதல் அடி வைக்கும் பிள்ளைக்குத் தட்டுவதுபோல. எங்கள் ஆய்வகத்தில் தட்டுவோம், எல்லா நோயாளிக்கும் தட்டுவோம், அதில் தப்பே இல்லை. பாஸ்டரின் மனைவி, நல்ல மனுஷி, அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு தட்டினார். அப்பா கரண்டியை மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். அண்ணன் வந்து கையுறையைக் கழற்றினான், ஈரத்துணியால் அப்பாவின் தாடையைத் துடைத்தான், பட்டக்காரர்களிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டான். எனக்காக.

"போயிடு சியா," என்றான் என் பக்கம் திரும்பாமல். "உன் ரூமுக்கு இல்ல. போயிடு."

போனேன். மெல்போர்னில் ஓர் ஆய்வகத்தில் இரண்டரை மாதப் பயிற்சிக்கு இடம் வந்திருந்தது. அப்பாவைக் காரணம் சொல்லி மறுத்து எழுதிய கடிதம் என் கணினியில் பாதியில் நின்றது. அதை அழித்துவிட்டு, வருகிறேன் என்று எழுதினேன். வீட்டிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர்களும் அப்படியே இருந்தார்கள். எங்கள் வீட்டில் ரோஷத்துக்குக் குறைவில்லை. எழுபத்தேழு நாள். அந்த எழுபத்தேழு நாளில் நான் எழுதிய கட்டுரைதான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது. திரும்பி வந்து அப்பாவின் கையைப் பார்த்தது தொண்ணூற்றாறாம் நாள். முஷ்டியாக மூடி, முழங்கை மடங்கி, நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. தூக்குங்கப்பா என்றேன். தோள் மட்டும் ஏறியது.

நான் இருந்திருந்தால் திரும்பியிருக்குமா? தெரியாது. ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, என் தொழிலின் முதல் பாடமே அதுதான். நான் தப்பித்துக்கொள்ள அந்தப் பாடத்தை மூன்று வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன்.

பிறகு என் பேராசிரியை பிரான்வின் என்னைச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி நடத்தவிட்டார். தீவுக்கார நோயாளிகளைச் சேர்க்க உன்னைவிட யார் இருக்கிறார்கள் என்றார். சேர்த்தேன். பாதிப் பேர் ஒரு வாரத்தில் கையுறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். போன வருடம் கட்டுரை எழுதும்போது, 'பசிபிக் தீவினரிடம் சிகிச்சையைக் கடைப்பிடிக்கும் போக்கு குறைவு' என்று ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. பிரான்வின் எழுதவில்லை. அவருக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் எழுதினேன். என் பெயர், ஒரு தீவுக்காரியின் பெயர், கீழே இருப்பதால் அந்த வாக்கியத்துக்கு இப்போது நல்ல மதிப்பு. மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நியூசிலா கையுறையை மடித்து வைத்துவிட்டுப் போனது செவ்வாய்க்கிழமை. வியாழன் மதியம் நான் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ், பிறந்தநாள் தவிர வேறு நாளில் நான் அங்கே போவதில்லை. அண்ணன் வேலையில், லிதியா அண்ணி சர்ச் பெண்கள் கூட்டத்தில். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கூரையை உரசுவதுபோல ஒரு விமானம் இறங்கியது.

"டோங்காவுல இருந்து வருது," என்றார் என்னைப் பார்த்து. "இருபது நிமிஷம் லேட்டு. என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லப்பா."

"அப்போ உக்காரு."

உட்கார்ந்தேன். தேநீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். பிஸ்கட் டப்பாவை இடக்கையால் என் பக்கம் தள்ளினார். ரக்பியைப் பற்றிப் பேசினார், நடுவரைத் திட்டினார். நான் எதற்கோ வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குள் மௌனத்தைவிட ரக்பி சௌகரியம். கடைசியில் நான் எனெலேயைப் பற்றிச் சொன்னேன். குச்சிகளை, நியூசிலாவை, உங்கப்பா வந்து சொல்லட்டும் என்று அவர் சொன்னதை. வேகமாகச் சொன்னேன், ஆய்வறிக்கை வாசிக்கிறவளைப்போல. அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"அம்பத்தொண்ணு."

"ம். நான் தொண்ணூத்தாறு வரைக்கும் எண்ணுனேன்."

மேலே இன்னொரு விமானம் போனது. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை.

"நீ அன்னிக்கு என்னை உள்ள கூப்பிட்டிருக்கலாம்ல," என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பதில் கோபமே இருந்திருக்கலாம். "கதவைச் சாத்திட்டுச் சொல்லியிருந்தா, ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டுனாலும் சரின்னிருப்பேன். உன் பேச்சை நான் எப்போ கேக்கல? நீ வெளியூர் போனப்புறம் பாத்ரூம்ல போயி கரண்டி புடிச்சுப் பாத்தேன். ரெண்டு நாளு, மூணு நாளு. லிதியா வந்து கதவைத் தட்டும், மாமா விழுந்துட்டீங்களான்னு. அப்புறம் விட்டுட்டேன்."

"ஏம்ப்பா எனக்கு ஒரு போன் பண்ணல?"

"நீ ஏம்மா பண்ணல?"

நான் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. நான் அங்க போயி என்ன பேசணும்? எனக்குப் பேச்சு முன்ன மாதிரி வராது. நாலு பேர் முன்னாடின்னா ரெண்டு வார்த்தைக்கு மேல வாய் கோணிக்குது." பிறகு, நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. இடக்கையால் வலக்கையை எடுத்து, ஏதோ சாமானைப்போல, தன் மடிமேல் வைத்தார். "பேசவே வேணாம்ல. இதைக் காட்டுனாலே போதும். கட்டலேன்னா இப்படி ஆயிடும்னு."

நான் தரையைப் பார்த்தேன். காரில் வரும்போது நான் யோசித்திருந்ததும் அதைத்தான், வார்த்தை மாறாமல் அதைத்தான். ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் அப்பாவை உட்காரவைத்து, அவர் உடம்பைக் காட்டி, நான் சொல்வது சரி என்று நிரூபிப்பது. இரண்டாம் முறை. மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, முதலில் அனுமதி கேட்பது மட்டும்.

"வேணாம்ப்பா. விடுங்க. நான் வேற மாதிரி பேசிப் பாக்கறேன்."

"வேற மாதிரின்னா? உனக்கு ஒரு மாதிரிதானே பேச வரும்."

சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. நானும் சிரித்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கை உறிஞ்சினேன். அவர் பார்க்காததுபோல இருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த டிராயர்ல நகவெட்டி இருக்கும் பாரு," என்றார். "லிதியா போன வாரம் செய்யல. இப்படியேவா ஒருத்தர் வீட்டுக்குப் போறது."

நான் அசையாமல் இருந்தேன்.

"எடும்மா. அண்ணன் வந்துட்டா அவன்தான் வெட்டுவேன்னு நிப்பான்."

நகவெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வலக்கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரும்பாக இருந்தது. இப்படி இறுகிய கையை நேராக இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடிக்கவேண்டும், அப்போது விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளரும். நூறு கைகளில் செய்திருக்கிறேன். மடித்தேன், காத்திருந்தேன். கட்டைவிரலை வெளியே எடுத்தேன். சுண்டுவிரல், மோதிரவிரல், ஒவ்வொன்றாக. உள்ளங்கை வெளியே வந்தது. இருபத்தாறு வருடம் பெட்டிக் கைப்பிடிகளைப் பிடித்துக் காய்ப்பேறியிருந்த கை. இப்போது காய்ப்பு எதுவும் இல்லை. வெளிறி, ஈரமாக, பிறந்த குழந்தையின் தோல்போல மெத்தென்று இருந்தது. நடுவில் நான்கு நகங்கள் அழுந்திய நான்கு பிறைகள். புளித்த வாடை லேசாக வந்தது. நான் பாவாடை நுனியால் துடைத்தேன். ஒவ்வொரு நகமாக வெட்டினேன். அப்பா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே கேட் திறக்கும் சத்தமும் பெசமினோவின் வண்டி உள்ளே வரும் சத்தமும் கேட்டன.

கடைசி நகம் முடிந்ததும் மணிக்கட்டை மெதுவாக விட்டேன். உள்ளங்கையில் இருந்த என் ஆள்காட்டி விரலை எடுக்க மறந்திருந்தேன். அப்பாவின் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி வந்து அதைச் சுற்றி மூடின. தசைநாரின் இறுக்கம், தண்டுவடத்தின் அனிச்சை, மூளைக்கு இதில் பங்கில்லை. எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். கூடத்தில் அண்ணனின் காலடி நெருங்கி வந்தது. நான் விரலை எடுக்கவில்லை.